தோன் எலிஹியோவுக்கு வெள்ளையடித்த கதை

கொன்கோர்தியா கிளப்பின் சுவரில் படமாகத் தொங்குவதற்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒருமுறையாவது கிளப்பின் தலைவராக இருந்திருக்க வேண்டும். அதன்பிறகு செத்திருக்க வேண்டும். முதல் தகுதிக்குக் கொஞ்சம் செலவாகும் என்பது தீவின் துறைமுக ஊரான புவர்த்தோ பிளாத்தாவில் எல்லாருக்கும் தெரியும், இரண்டாவது இலவசம். ஆனால் ஓவியத்துக்கு முகம் கொடுக்க ஆள் உயிரோடு இருந்தாக வேண்டுமே! அதனால் பதவி முடிந்த கையோடு ஓவியரிடம் போய் உட்கார்ந்துவிடுவது வழக்கம். ஊரில் அதற்கு "ஆணிக்கு உட்காருவது" என்று பெயர்.

கொக்கோ ஏற்றுமதி வியாபாரி தோன் எலிஹியோ பிமென்தெல் தமது ஆணிக்கு உட்கார்ந்தது நெரேய்தா பல்புவேனாவிடம். இரும்புக் கடைக்கு மேல்மாடியில், கடலைப் பார்த்த வடக்கு ஜன்னலோடு இருந்தது அவளுடைய அறை. வடக்கு ஜன்னலுக்காகவே அவள் அந்த அறையை எடுத்திருந்தாள். கிழக்கு ஜன்னலில் காலையில் விழும் நிழல் பத்து மணிக்கு மூக்கின் இந்தப் பக்கம் இருக்கும், பதினொன்றுக்கு நகர்ந்துவிடும். வடக்கு வெளிச்சம் அப்படி ஊர்ந்து போகாது. வைத்த நிழல் வைத்த இடத்தில் இருக்கும். கீழே ஆணி எடை போடும் சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் உட்கார வந்தபோதே தோன் எலிஹியோ ஒரு நிபந்தனை போட்டார்.

"பொண்ணே, கிளப் சுவத்தைப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன், தோன் எலிஹியோ."

"எல்லாப் பயலும் மாவு மூட்டைக்குள்ள விழுந்து எழுந்திரிச்சவன் மாதிரி இருக்கான். அந்த மூணாவது ஆளு, துறைமுக அதிகாரி, அவன் என்னைவிடக் கருப்பு. நானே பாத்திருக்கேன். சுவத்துல பாத்தா ஸ்பெயின்ல இருந்து நேத்துத்தான் கப்பல்ல இறங்கினவன் மாதிரி இருக்கான்."

நெரேய்தா கரித்துண்டைச் சீவிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சுவரில் கடைசியாகத் தொங்கிய படம் அவள் கையால் தீட்டியது. குடும்பத்தார் வந்து வந்து "இன்னும் கொஞ்சம் வெளுப்பா" என்று கேட்க, அவளும் வெளுத்து வெளுத்து, கடைசியில் அந்த மனிதரின் மூக்கே கன்னத்துக்குள் கரைந்து போயிருந்தது. கிளப்புக்குப் போகிறபோதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்க அவள் பழகியிருந்தாள்.

"எங்கம்மா கடற்கரைச் சாலையில யானிகேக்கே ரொட்டி சுட்டு வித்தவ" என்றார் தோன் எலிஹியோ. "நான் கூடையைச் சுமந்தவன். மாவைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். மாவு எண்ணெய்ச் சட்டிக்கு, மூஞ்சிக்கு இல்ல. மேல போனா அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியணும். முகத்துல ஒரு கரண்டி மாவு கூட விழக் கூடாது. வாக்கு கொடு."

"கொடுத்தேன்."

"கையடிச்சுக் கொடு."

அவள் கையடித்துக் கொடுத்தாள். கரி அவர் உள்ளங்கையில் அப்பிக்கொண்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது கூட எடுப்பாத் தெரியமாட்டேங்குது பாரு" என்று சிரித்தார்.

கருத்த தோலைத் தீட்டுவது நெரேய்தாவுக்கு எப்போதும் பிடித்த வேலை. வெளுத்த தோல் சுண்ணாம்புச் சுவர் மாதிரி. வெளிச்சம் எங்கே பட்டாலும் மெத்தென்று பரவிவிடும். கருத்த தோல் மெருகேற்றிய மரம் மாதிரி; வெளிச்சத்தைச் சிதறவிடாமல் ஒரே இடத்தில் பளிச்சென்று பிடித்துக்கொள்ளும். தோன் எலிஹியோவின் நெற்றியில் ஓர் அரிசி அளவுக்கு அப்படி ஒரு பளபளப்பு இருந்தது. கீழே கன்னத்து நிழலில், கடலின் நீலம் ஜன்னல் வழியே வந்து லேசாகப் படிந்திருந்தது. நிழல் என்றால் கருப்பைக் குழைத்து அப்புவது என்று நினைக்கிறவர்கள் முகத்தைத் தீட்ட முடியாது. கரி பிடித்த சட்டிதான் வரும். அவள் நிழலில் நீலம் வைத்தாள், பச்சை வைத்தாள், தாடை ஓரத்தில் துளி சிவப்பு கூட வைத்தாள். கொக்கோ விதையைக் கிள்ளிக் கிள்ளிச் சொரசொரத்துப் போயிருந்த விரல்களுக்கு, ஈரமில்லாத பிரஷ்ஷைக் கேன்வாஸ் மேல் உரசி இழுத்தாள். நெசவின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டி, பள்ளங்கள் காலியாக நின்றன. தொட்டால் விரல் கீறும்போல் இருந்தது.

பின்னணியில் அறையின் மஞ்சள் சுவர், ஜன்னல் வெளிச்சம். மேலே வெள்ளைத் துணிக் கோட்டு.

படம் முடிந்த மறுமாதம் தோன் எலிஹியோ மேலே போனார்.

*

துக்கத்தின் முதல் வாரங்கள் முடிந்ததும் அவருடைய மனைவி தோன்யா எர்சிலியா கருப்புடையோடு மாடிப்படி ஏறி வந்தாள். கருப்புச் சால்வை, கருப்புக் கையுறை, கருப்பு விசிறி. படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"யாரு இது?"

"தோன்யா…"

"என் புருஷன் இந்தியோ. வெளிர் இந்தியோ. அடையாள அட்டையில எழுதியிருக்கு."

அந்தத் தீவின் பூர்வகுடியான இந்தியோ ஒருவரைக் கண்ணால் பார்த்து நானூறு வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் அலுவலகக் குமாஸ்தாவுக்கு ஒரு காப்பி வாங்கித் தந்தால் யாரும் இந்தியோ ஆகலாம். இரண்டு வாங்கித் தந்தால் வெளிர் இந்தியோ.

"இங்க என்ன, மூக்குக்குப் பக்கத்துல அழுக்கு?"

"அது நிழல், தோன்யா. அதை எடுத்துட்டா மூக்கு இருக்காது."

"கழுத்துக்குக் கீழ?"

"அதுவும் நிழல். அதை எடுத்துட்டா தலை உடம்போட ஒட்டிக்கிட்டுத் தட்டு மாதிரி ஆயிடும்."

"எனக்கு நிழலே வேணாம். வெயில்ல காயப் போட்ட கொக்கோ மாதிரி இருக்காரு மனுஷன். வெளுப்பாக்கு."

விளக்கிச் சொன்னால் எவரும் புரிந்துகொள்வார் என்று நம்புவது நெரேய்தாவின் பலவீனம். காலைச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்திருந்த முட்டைகளில் வெள்ளை ஒன்றும் பழுப்பு ஒன்றும் எடுத்தாள். பழுப்பு முட்டையை ஜன்னல் விளிம்பில், நல்ல வெளிச்சத்தில் வைத்தாள். வெள்ளை முட்டையைப் பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால், நிழலில் வைத்தாள். ஓர் அட்டையில் பட்டாணி அளவுக்கு இரண்டு ஓட்டைகள் போட்டு, ஓர் ஓட்டையில் இந்த முட்டையும் மற்றதில் அந்த முட்டையும் தெரியும்படி தோன்யாவின் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். ஓட்டை வழியே பார்த்தால் முட்டை என்று தெரியாது. ஒரு புள்ளி நிறம் மட்டும் தெரியும். அந்த நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதைக் கண் அப்போதுதான் நேர்மையாகச் சொல்லும்.

"எது வெளுப்பு, தோன்யா?"

தோன்யா எர்சிலியா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "இடது பக்கம்."

"அதுதான் பழுப்பு முட்டை. வெளிச்சத்துல இருக்கு. வலது பக்கம் சாம்பலாத் தெரியறது வெள்ளை முட்டை. நிழல்ல எல்லாமே கருக்கத்தான் செய்யும். தோன் எலிஹியோ மட்டுமில்ல, நீங்க நானு யாரா இருந்தாலும்."

தோன்யா அட்டையைத் தள்ளிவிட்டு, டப்பாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

"அப்ப அந்த முட்டையையும் வெளுப்பாக்கு" என்றாள்.

வாசலில் நின்று விசிறியை மடக்கினாள். "இங்க பாரு நெரேய்தா. கிளப் ஆண்டுவிழாவுல திரை விலக்கறாங்க. உன்னால முடியலைன்னா சொல்லு. சந்தியாகோவுல ஒருத்தர் இருக்காராம். ஒரே நாள்ல வெளுத்துக் கொடுத்துடறாராம்."

அப்படி ஒருவர் இருப்பது நெரேய்தாவுக்கும் தெரியும். பிரஷ்ஷை வெள்ளையில் முக்கி, இறந்தவர்களின் கன்னங்களில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் தடவிக் கொடுப்பவர். படம் அவர் கைக்குப் போனால் நெற்றிப் பளபளப்பும் போகும், நீல நிழலும் போகும், கையடித்துக் கொடுத்த வாக்கும் போகும். அவள் மறுத்தாலும் போகும், சம்மதித்தாலும் போகும்.

*

நாலைந்து நாள் படத்தைப் பார்ப்பதும் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தாள். பிரஷ்ஷைத் துடைக்கப் பழைய செய்தித்தாளைக் கிழித்தபோது, தோன் எலிஹியோவின் மரண அறிவிப்பு வந்த பக்கம் கையில் வந்தது. கனத்த கருப்புக் கட்டம், பெரிய பெயர், பெரிய சிலுவை. அந்தப் பக்கத்திலேயே தெரியாமல் துடைத்துவிட்டாள். முகத்துக்குக் கலந்து வைத்திருந்த பழுப்பு, ஒரு துளி வெற்றுக் காகிதத்திலும் ஒரு துளி கருப்புக் கட்டத்தின் மேலும் விழுந்தது.

காகிதத்தின் மேல் விழுந்தது கடுங்காப்பி. கருப்பின் மேல் விழுந்தது பால் காப்பி.

இரண்டும் ஒரே பிரஷ், ஒரே வண்ணம். இருபது வருஷமாகப் படம் தீட்டுகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். கண்ணுக்கு அளவுகோல் கிடையாது. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் எதையும் வெளுப்பு, கருப்பு என்று அது சொல்லும் என்பதுதான் தொழிலின் முதல் பாடம். ஆனால் தோன்யா எர்சிலியா "முகம், முகம்" என்று சொன்னதில் அவளும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். முகத்தைச் சுற்றித்தான் இவ்வளவு இடம் கிடக்கிறதே.

மஞ்சள் சுவரின் மேல் அவள் கரும்பச்சையைப் போட்டாள். அப்படியே அப்பவில்லை, அப்பினால் தகரம் அடித்ததுபோல் செத்துக் கிடக்கும். ஆளி விதை எண்ணெயில் நீர்க்கக் கரைத்து, கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. காயவிட்டு இன்னொன்று. கடல் காற்றின் ஈரத்தில் எண்ணெய் காய்வேனா என்றது. ஒவ்வொரு பூச்சுக்கும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக் காத்திருந்தாள். அடியில் இருந்த மஞ்சள் போகப் போக ஆழத்துக்குப் போய், குளத்தின் அடியில் கிடக்கும் காசுபோல் மங்கலாக மினுங்கியது. ஜன்னல் காணாமல் போனது.

அடுத்தது கோட்டு. வெள்ளைக் கோட்டு தாடைக்கு அடியிலேயே இருந்துகொண்டு, "நான்தான் வெள்ளை, இவர் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் மேல் சாம்பல் நீலத்தை மெல்லப் படரவிட்டாள். மடிப்புகளின் முனைகளை மட்டும் விட்டுவைத்தாள். அடிக்கடி எட்டப் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். இடுக்கினால் நிறங்கள் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். ஒவ்வொரு தடவையும் முகம் ஒரு படி முன்னால் வந்தது. கடைசியில் அந்த இருட்டிலிருந்து விளக்கு ஏற்றியதுபோல் தோன் எலிஹியோ வெளியே எட்டிப் பார்த்தார்.

முகத்தை அவள் தொடவே இல்லை.

தோன்யா எர்சிலியா தன் தங்கையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே வந்ததும் விசிறி நின்றது.

"பாத்தியா!" என்றாள் தங்கையிடம். "மனசு வெச்சா முடியும். முதல்ல இவ என்னென்னமோ முட்டைக் கதையெல்லாம் சொன்னா."

"கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரியே இருக்காரு, அக்கா."

"அதைவிட நல்லா இருக்காரு. எவ்வளவு வெள்ளை போட்ட, நெரேய்தா?"

"தேவையான அளவுதான், தோன்யா."

தோன்யா அவளை உச்சி முகர்ந்தாள். நெரேய்தா மேல்மாடியில் தனியாக இருந்த அன்று மாலை, படத்தைப் பார்த்து, "ஒரு கரண்டி கூட இல்ல, தோன் எலிஹியோ" என்று சத்தமாகவே சொன்னாள். கீழே இரும்புக் கடைக்காரன் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தான்.

*

ஆண்டுவிழா ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்த கையோடு நடந்தது. கிளப் கூடத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கடலில் பட்ட வெயில் எகிறி உள்ளே வந்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் கூசியது. பின்கட்டிலிருந்து சங்கோச்சோ குழம்பு கொதிக்கும் வாசம் வந்தது. நெரேய்தா சட்டம் போடும் தேலோவின் பக்கத்தில் போய் நின்றாள். படத்தைப் போன வாரமே சட்டம் போட அவனிடம் அனுப்பியிருந்தார்கள்.

திரை போட்டு மூடியிருந்த வடிவம் அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. "என்னப்பா இது, உருண்டையா இருக்கு?"

"முட்டை வடிவம்" என்றான் தேலோ. "உனக்கு யாரும் சொல்லலையா? தோன்யா எர்சிலியாவோட தாத்தாதான் கிளப்போட முதல் தலைவர். அதோ தொங்கறாரு பாரு. அவரு சட்டம் குரசாவோ தீவுல இருந்து ஜோடியா வந்ததாம். ஜோடியில இன்னொன்னு அவங்க வீட்டுப் பரண்ல கிடந்துச்சு. புருஷனும் தாத்தா மாதிரியே அதுக்குள்ளதான் இருக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க."

"ஆனா அது சின்னதாச்சே."

"சின்னதுதான். அதான் வெட்டிட்டேன்."

"எதை?"

"ஓரத்தை. இருட்டாத்தானே இருந்துச்சு? கையும் கோட்டும் தவிர அதுல ஒண்ணுமே இல்லியே!"

நெரேய்தா வாயைத் திறப்பதற்குள் பாண்டு வாத்தியம் முழங்கியது; செயலாளர் ஹசிந்தோ திரையை இழுத்தார்.

விரல் பருமனுள்ள தங்கச் சட்டத்துக்குள் நெற்றியிலிருந்து கோட்டுக் கழுத்துவரை தோன் எலிஹியோ மட்டும் இருந்தார். கரும்பச்சை போன இடத்தில் சுண்ணாம்புச் சுவர் இருந்தது, அதன் மேல் கடல் வெயில் இருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவே தோன் எலிஹியோ கூடையைத் தலையில் வைத்துக் கடற்கரைச் சாலையில் நடந்த காலத்தில் எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார்.

டோமினோ மேசையிலிருந்து கிகோ கிழவர்தான் முதலில் பேசினார்.

"எலிஹியோ! அடப் பாவி, ஆளு அப்படியே உக்காந்திருக்கான்யா!"

யாரோ சிரித்தார்கள். யாரோ இருமினார்கள். தோன்யா எர்சிலியா மெதுவாகத் திரும்பி நெரேய்தாவைப் பார்த்தாள்.

"நீ போட்ட வெள்ளையை நீயே எடுத்துட்டியா?"

"முகத்துல நான் எதையும் எடுக்கல, தோன்யா."

"அப்ப எங்க போச்சு?"

கூட்டத்தில் உடனே பல விளக்கங்கள் கிளம்பின. உப்புக் காற்றுக்கு வெள்ளை நிக்காது என்றார் ஒருவர். மட்டமான பெயிண்ட் என்றார் இன்னொருவர். "பெயிண்ட் என்ன பண்ணும்? அம்மா ரத்தம் மேல வந்துடுச்சு" என்று ஒரு கிழவி பக்கத்திலிருந்தவளின் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. தேலோ சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

ஹசிந்தோ காரியக்காரர். சங்கோச்சோ ஆறிவிடும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. "விழாவைக் கெடுக்க வேணாம். ஏணி இருக்கு. நெரேய்தா, உன் பெட்டியைக் கொண்டுவரச் சொல்றேன். மேல ஏறி முகத்துல ரெண்டு தீத்துத் தீத்திடு. சாப்பிட்டு வரதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அதைச் செய்யமாட்டேன், ஹசிந்தோ."

"ஏன்?"

"தோன் எலிஹியோ கேட்டுக்கிட்டாரு."

"அவரு செத்துட்டாரும்மா."

"கேட்டப்ப உயிரோடதான் இருந்தாரு."

"அப்ப படம் நாளைக்கே சந்தியாகோ போகுது" என்றாள் தோன்யா எர்சிலியா.

"வேணாம்னா சட்டத்தைக் கழட்டிடலாம்" என்றார் ஹசிந்தோ. "பழைய இருட்டோட வேற சட்டத்துல…"

"இருட்டு நாலு துண்டா என் கடையில கிடக்கு" என்றான் தேலோ. "தைக்க முடியாது."

"சட்டம் கழட்டக் கூடாது" என்றாள் தோன்யா. அவள் குரல் இறங்கியிருந்தது. "தாத்தா சட்டம் அது. ரெண்டு பேரும் ஒரே ஜோடிச் சட்டத்துல இருக்கணும். ஒரே குடும்பம்னு தெரியணும்."

நெரேய்தா அவளைப் பார்த்தாள். வெயில் கூசும் அந்தக் கூடத்தில் தலையிலிருந்து கால்வரை கருப்பாக இருந்தது தோன்யா எர்சிலியா ஒருத்திதான்.

"உங்க சால்வையைக் கொஞ்சம் கொடுங்க, தோன்யா."

"எதுக்கு?"

"கொடுங்களேன்."

எதற்கென்று தெரியாமலே தோன்யா கொடுத்தாள். நெரேய்தா ஏணியில் ஏறினாள். சால்வையின் ஒரு பாதியைச் சட்டத்தின் மேல்விளிம்பைச் சுற்றித் தானே பிடித்துக்கொண்டு, தேலோவை எதிர்ப்பக்கம் நாற்காலியில் ஏற்றி மறுபாதியைக் கீழ்விளிம்பைச் சுற்றிப் பிடிக்கச் செய்தாள். சுண்ணாம்பு மறைந்தது. சட்டத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வெறும் கருப்பு.

தோன் எலிஹியோ மேகம் விலகியதுபோல் வெளுத்தார்.

"யேசுவே!" என்றாள் காதில் பேசிய கிழவி.

"இப்ப எடுக்கறேன், பாருங்க." சால்வை இறங்கியது, அவர் கருத்தார். "இப்ப வைக்கறேன்." வெளுத்தார். "ரெண்டு தடவையும் நான் முகத்தைத் தொட்டேனா? பிரஷ் கையில இருக்கா? சுவரு வெள்ளையா இருந்தா அதுக்குப் பக்கத்துல அவரு கருப்பு. சுவரு கருப்பா இருந்தா…"

"இன்னொரு தடவை பண்ணு" என்றார் கிகோ கிழவர்.

பல தடவை செய்யவேண்டியிருந்தது. பின்கட்டிலிருந்து சமையல்காரிகள் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஹசிந்தோ நாற்காலியில் ஏறி, தாமே ஒரு தடவை சால்வையைப் பிடித்துப் பார்த்தார். சங்கோச்சோ ஆறியே போனது.

கடைசியில் தோன்யா எர்சிலியா சால்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நன்றாக யோசித்து, ஒரு முடிவைச் சொன்னாள்.

"சுவருக்குக் கருப்படிங்க."

*

கருப்புக்குக் கமிட்டி ஒப்பவில்லை; மயான மண்டபம் மாதிரி ஆகிவிடும் என்றார்கள். நெடுநேர வாதத்துக்குப் பிறகு கரும்பச்சையில் நின்றார்கள். நிறத்தைக் கலந்து கொடுத்தது நெரேய்தா. பூசினவர்களிடம் பளபளக்கும் பெயிண்ட் வேண்டாம், மங்கலாக வெளிச்சத்தை உறிஞ்சுகிற பெயிண்ட்தான் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். பளபளத்தால் ஜன்னல் அதில் தெரிந்து மறுபடி வெள்ளையாகிவிடும்.

சுவர் காய்ந்து, படங்களைத் திரும்ப மாட்டியபோது தோன் எலிஹியோ அந்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்போல் இருந்தார். நெற்றியில் அரிசி பளபளத்தது. கன்னத்து நிழலில் கடல் இருந்தது. உள்ளே நுழைகிறவர்கள், யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு அசடு வழிந்தார்கள்.

மற்றத் தலைவர்களுக்குத்தான் சங்கடம். அவர்களைத் தீட்டியபோதெல்லாம் குடும்பத்தார் நிழலை எடுக்கச் சொல்லி எடுக்கச் சொல்லி, முகங்களில் நிழலே இல்லாமல் போயிருந்தது. வெள்ளைச் சுவரில் அது தெரியவில்லை. கரும்பச்சையில் அவர்கள் வரிசையாக மாட்டிய பீங்கான் தட்டுகள் ஆனார்கள். துறைமுக அதிகாரிக்கு இரண்டு கண்கள் இருந்தன, வேறெதுவும் இல்லை. தங்கச் சட்டத்துக்குள் இருந்த முதல் தலைவர், தோன்யா எர்சிலியாவின் தாத்தா, வட்டமாக, வெளுப்பாக, தட்டையாக, கல்லில் சுட்ட மரவள்ளி ரொட்டி மாதிரி இருந்தார். ஒரே வாரத்தில் டோமினோ மேசையில் அவருக்கு அந்த ரொட்டியின் பெயரே, காசாபே என்று நிலைத்துவிட்டது.

"காசாபேக்குக் கீழ உக்காரு, அங்கதான் காத்து வரும்" என்பார் கிகோ.

பகலிலேயே விளக்குப் போடவேண்டியிருந்தது. மின்சாரம் போகாத நாள் ஊரில் கிடையாது. போகும்போதெல்லாம் டோமினோக்காரர்கள் காயில் புள்ளி தெரியாமல் ஹசிந்தோவைத் திட்டினார்கள். ஹசிந்தோ நெரேய்தாவைத் திட்டினார். சுவரை மறுபடி வெள்ளையாக்கலாம் என்று யாரும் வாயெடுக்கவில்லை. தோன்யா எர்சிலியா வாரம் தவறாமல் பூக்கொத்தோடு வந்து, புருஷன் வெளுப்பாக இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவள் இரும்புக் கடைப் படி ஏறி வந்தாள். பின்னால் தேலோ துணி சுற்றிய ஒன்றைச் சுமந்து வந்தான். சுவரில் சாய்த்துத் துணியை அவிழ்த்தான். காசாபே.

தோன்யா எர்சிலியா விசிறியை விரித்தாள், மடக்கினாள்.

"எலிஹியோ பக்கத்துல இவரு… நோயாளி மாதிரி இருக்காரு" என்றாள். "தாத்தா அப்படி இல்ல. நல்ல திடகாத்திரமான ஆளு. நான் அவரு மடியில உக்காந்திருக்கேன். பெரிய மூக்கு. நல்ல… வெயில்ல திரிஞ்ச மனுஷன்."

நெரேய்தா படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"கொஞ்சம் நிழல் போட்டுக் கொடு. மூக்குக்குப் பக்கத்துல. கழுத்துக்குக் கீழ."

"கருத்துடுவாரே, தோன்யா?"

"நிழல்தானே?" என்றாள் தோன்யா எர்சிலியா எரிச்சலோடு. "நிழல்ல யாரா இருந்தாலும் கருக்கத்தான் செய்வாங்க. உனக்குத் தெரியாதா?"

"எவ்வளவு போடட்டும்?"

"தேவையான அளவு."

அவள் இறங்கிப் போன பிறகு தேலோ முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த ஒரு சுருளை நீட்டினான். தோன் எலிஹியோவின் படத்திலிருந்து வெட்டிய நாலு ஓரங்கள். "கடையில இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. உனக்கு ஏதாவது உபயோகப்படுமா?"

நெரேய்தா ஒரு துண்டை விரித்து, காசாபேயின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எட்டப் போய்க் கண்ணை இடுக்கினாள். பிறகு வண்ணத் தட்டை எடுத்து, தோன் எலிஹியோவின் முகத்துக்குக் கலந்த அதே பழுப்பை அதே அளவில் கலந்து, பிரஷ் நுனியில் தொட்டு, முதல் தலைவரின் மூக்கோரத்தில் வைத்தாள்.

மூக்கு வந்தது. பெரிய மூக்குதான்.